அம்மா கட்டின டியூவும் என் பேர்ல இருந்த ஷேரும்



சொந்தங்களே, போன கிருத்திகைக்கு மறுநாள் நம்ம தம்பி ஒருத்தன் தனியா மெசேஜ் போட்டிருந்தான். "அண்ணா, ஒரு கம்பெனி ஜனங்களைச் சுரண்டுதுன்னு பேசிக்கிறாங்க. ஆனா ஷேர் நல்லா ஏறுது. வாங்கலாமா? லாபத்துல ஒரு பங்கு செந்தூர் உண்டியல்ல போட்டுட்டா தோஷம் இல்லையே?"

படிச்சதும் சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் சிரிப்பு போயிடுச்சு. ஏன்னா இதே கணக்கை வரி மாறாம நானும் போட்டவன். அதனால இந்த வாரம் நம்ம பாடம் இதுதான். கொஞ்சம் நீளம். பஸ்ல போகும்போது படிங்க.

எனக்கு ஊர் உடன்குடி. பேரைச் சொன்னாலே கருப்பட்டி ஞாபகம் வரும். 2023ல உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. வேலை தூத்துக்குடியில, ஒரு ஆபீஸ்ல கணக்கு எழுதுறது. 2022 நடுவுல, எல்லாரையும் போல நானும் போன்ல டீமேட் கணக்கு திறந்தேன். யூடியூப்ல ஒருத்தர் சொன்னதைக் கேட்டு, சிறுகடன் கொடுக்கிற ஒரு கம்பெனியில 22,000 ரூபாய் போட்டேன். எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். "கிராமத்துப் பெண்களுக்குக் கடன் கொடுக்கிறாங்க, வாராக்கடன் ரொம்பக் குறைவு"ன்னு அந்த யூடியூபர் சொன்னது மட்டும் மனசுல நின்னுது. வாராக்கடன் ஏன் குறைவு, எப்படி வசூல் ஆகுதுன்னு நான் கேட்கவே இல்ல. வித்தா லாபத்துல பத்துல ஒரு பங்கு சாமிக்குன்னு ஒரு நேர்த்தியும் வச்சுக்கிட்டேன்.

எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க. புருஷன் பனையேறி. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊத்துறது அக்கா வேலை. பங்குனி சித்திரையில சீசன் ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் வீட்டுல காசு புழங்கும். அதுக்கப்புறம் ஓலைப்பெட்டி முடையணும், நூறு நாள் வேலை வந்தா போகணும், இல்லன்னா கடன் வாங்கணும். வருமானம் வருஷத்துக்கு அஞ்சு மாசம். ஆனா அவங்க எடுத்திருந்த குழு லோனுக்கு டியூ வாரா வாரம். இந்த ஒரு பொருத்தமின்மையைப் புரிஞ்சுக்கிட்டா மீதிக் கதை பாதி புரிஞ்ச மாதிரி.

குழு லோன் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நகை, பத்திரம் எதுவும் வேண்டாம். அஞ்சாறு பெண்கள் சேர்ந்து ஒரு குழு. ஒருத்தர் கட்டலன்னா மத்தவங்க சேர்ந்து கட்டணும். அடமானத்துக்குப் பொருள் இல்லாத இடத்துல, அக்கம்பக்கத்துல இருக்கிற மானமரியாதைதான் அடமானம்.

2023 கந்த சஷ்டி சமயம். விரதம் இருந்தேன். அன்னைக்கு வேலை முடிஞ்சு உடன்குடி பஸ் ஸ்டாண்டுல இறங்கி வீட்டுக்கு வரும்போது மணி ஏழரை இருக்கும். அந்த அக்கா வீட்டுத் திண்ணையில வசூல் தம்பி உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் நாலு மணிக்கு வந்தவனாம். சுத்தி குழுப் பெண்கள். அதுல எங்க அம்மாவும். அக்கா உள்ள, கதவுக்குப் பின்னாடி நிக்கிறாங்க. அவங்க பொண்ணு பத்தாவது படிக்குது, அது வெளிய வரவே இல்ல.

"எக்கா, நான் எந்திரிச்சுப் போயிட்டா மேனேஜர் போன்ல ஏசுவாரு. யாராவது போட்டுக் கொடுங்க, நான் போயிடுதேன்"ன்னு அந்தத் தம்பி கெஞ்சின மாதிரியும் இருந்துச்சு, மிரட்டின மாதிரியும் இருந்துச்சு. இருபத்தி ரெண்டு வயசு இருக்கும். அவன் பைக்லயும் நம்மள மாதிரி வேல் ஸ்டிக்கர்.

கடைசியில 720 ரூபாயைப் பெண்கள் பிரிச்சுப் போட்டாங்க. அம்மா பங்கு 200. வீட்டுக்கு வந்து, "ஏம்மா நீ கட்டுத?"ன்னு கேட்டேன்.

"குழுவுல ஒருத்தி கட்டலன்னா நாமதாம்ல கட்டணும். இல்லன்னா அடுத்த லோன் எங்களுக்கும் கிடையாதுல்லா. அவ எங்க போவா, பாவம். பனை இல்லாத மாசம்"ன்னாங்க. பேசிக்கிட்டே லோன் அட்டையை எடுத்து டிவி மேல வச்சாங்க. அட்டையில இருந்த லோகோவைப் பார்த்தேன். என் போன்ல, பச்சைக் கலர்ல லாபம் காட்டிக்கிட்டு இருந்த அதே லோகோ.

அன்னைக்கு என் 22,000 ரூபாய் 37,000 ஆகியிருந்துச்சு.

இப்போ நான் மனசுக்குள்ள என்னென்ன சாக்கு சொன்னேன்னு மறைக்காம சொல்றேன். முதல்ல வந்தது: 'நான் கம்பெனிக்குப் பணமே கொடுக்கலயே, இன்னொரு ஆள் வித்த ஷேரைத்தானே சந்தையில வாங்கினேன்?' சட்டப்படி சரி. இது சரியான்னு தேடப் போய்த்தான் எஸ்கேஎஸ் மைக்ரோ ஃபைனான்ஸ் கதையை முழுசாப் படிச்சேன். நம்மள்ல நிறைய பேர் அப்போ ஸ்கூல்ல இருந்திருப்போம்.

1990களோட கடைசியில விக்ரம் அகுலா ஆந்திராவுல ஆரம்பிச்சது அது. முதல்ல லாப நோக்கம் இல்லாத சங்கம். 2005க்குப் பிறகு லாபத்துக்கு நடக்கிற கம்பெனி. வறுமையை ஒழிக்கிற கடன்னு உலகமே பாராட்டின காலம். 2006ல வங்கதேசத்தோட முகமது யூனுஸுக்கும் கிராமீன் வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைச்ச சூடு ஆறல. 2010 ஜூலை கடைசியில எஸ்கேஎஸ் புதுப் பங்கு வெளியீடு வந்துச்சு. ஒரு ஷேர் 985 ரூபாய். இருந்ததைப் போல 13 மடங்குக்கு மேல ஜனங்க கேட்டாங்க. திரட்டின தொகை சுமார் 1,650 கோடி. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு: அந்த வெளியீட்டுல பாதிக்கு மேல புது ஷேர் இல்ல, பழைய முதலீட்டாளர்கள் தங்களோட ஷேரை வித்தது. அதாவது ஏழைப் பெண்களுக்குக் கடன் கொடுக்கப் போன பணத்தை விட, முன்னாடியே உள்ள இருந்தவங்க பைக்குப் போன பணம் அதிகம். இதை யூனுஸே வெளிப்படையா எதிர்த்தார். 2007ல மெக்சிகோவுல காம்பார்ட்டமோஸ்ங்கிற சிறுகடன் வங்கி, ஆண்டுக்கு 80 சதவீதத்துக்கும் மேல வட்டி வாங்கிக்கிட்டே பங்குச் சந்தைக்கு வந்தப்பவும் அவர் எதிர்த்தவர்தான்.

ஆகஸ்ட்ல எஸ்கேஎஸ் பட்டியலாச்சு. அடுத்த மாசமே 1,400 ரூபாயைத் தாண்டுச்சு. அந்த நேரம் சுமார் 70 லட்சம் பெண்கள் அதோட வாடிக்கையாளர்கள். வேகமா வளர்ந்துக்கிட்டே இருக்கணும்னு சந்தை எதிர்பார்த்தா, கிளையில இருக்கிற பையனுக்கு டார்கெட் ஏறும். டார்கெட் ஏறினா, ஏற்கெனவே மூணு கடன் இருக்கிற வீட்டுக்கு நாலாவது கடன் போகும். இது எஸ்கேஎஸ் ஒண்ணோட தப்பு இல்ல, அப்போ ஆந்திராவுல பல கம்பெனி இப்படித்தான் ஓடிச்சு. கடன் வாங்கினவங்க தற்கொலை பண்ணிக்கிட்டதாச் செய்தி வர ஆரம்பிச்சது. வசூல் நெருக்கடிதான் காரணம்னு குற்றச்சாட்டு. கம்பெனிகள் மறுத்துச்சு. 2010 அக்டோபர்ல ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்துச்சு: மாவட்டத்துல பதிவு பண்ணணும், வாரத் தவணை கூடாது, வீட்டு வாசல்ல போய் வசூல் பண்ணக் கூடாது. ஆந்திராவுல கடன் திரும்பி வர்றது கிட்டத்தட்ட நின்னு போச்சு. 2012ல அதே ஷேர் 100 ரூபாய்க்கும் கீழ. பிறகு 2016ல பேர் மாத்தி, 2019ல இண்டஸ்இண்ட் வங்கியோட சேர்ந்துடுச்சு.

இப்போ என் சாக்குக்கு வருவோம். 985க்கு வாங்க இத்தனை பேர் வரிசையில நின்னதாலதான், உள்ள இருந்தவங்க அந்த விலைக்கு வித்துட்டு வெளிய வர முடிஞ்சது. சந்தையில நான் வாங்குற ஒவ்வொரு ஷேரும் "இந்த வேகம் சரி, இன்னும் ஓடு"ன்னு சொல்ற ஒரு சின்னக் கைத்தட்டு. ஒரு கைத்தட்டுக்கு யாரும் ஆட மாட்டாங்க. ஆனா அரங்கமே தட்டினா? அந்த அரங்கத்துல நானும் ஒரு சீட்டுல உட்கார்ந்திருந்தேன்.

அதுக்காகச் சிறுகடனே பாவம்னு சொல்லிடாதீங்க. அப்படிச் சொல்ற பெரியவங்களும் இருக்காங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல. எங்க அம்மா தையல் மிஷின் வாங்கினது இதே குழு லோன்லதான். இது இல்லன்னா ஜனங்க போற இடம் கந்துவட்டி. கந்துவட்டியைத் தடுக்க 2003லயே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்துச்சு. வந்தும், 2017 அக்டோபர்ல நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ஒரு குடும்பமே எரிஞ்சதை நம்ம பக்கத்து ஆளுங்க யாரும் மறந்திருக்க மாட்டோம். ரசீது, அட்டை, புகார் பண்ண ஒரு இடம் இருக்கிற கடன் அதை விட எவ்வளவோ மேல். அதனாலதான் அதைக் கொடுக்கிறவன் ஒழுங்கா நடந்துக்கணும்னு கேட்க நமக்கு உரிமை இருக்கு.

அடுத்த சாக்கு: 'குற்றச்சாட்டுதானே, நிரூபணம் ஆகலயே?' இதுல நியாயம் உண்டு. வாட்ஸ்அப்ல வந்த ஒரு ஃபார்வேர்டை நம்பி ஒரு கம்பெனியைத் திருடன்னு சொல்றதும் தப்புதான். ஆனா "நிரூபணம் ஆகல"ங்கிறது "நான் தேடவே இல்ல"ங்கிறதுக்கு மறுபேரா ஆகிடக் கூடாது. எங்க ஊர்ல கருப்பட்டி வாங்க வர்ற வெளியூர்க்காரங்களைப் பாருங்க. சீனி கலந்ததுன்னு யாரோ சொன்னாங்கன்னு திரும்பிப் போறதும் இல்ல, கடைக்காரர் சத்தியம் பண்றார்னு வாங்குறதும் இல்ல. ஒரு துண்டு உடைச்சு நாக்குல வச்சுப் பார்த்துட்டுத்தான் பேரம் பேசுவாங்க.

ஷேர்ல அந்தத் துண்டு எங்க கிடைக்கும்? ரொம்பத் தூரம் போக வேண்டாம். பட்டியலான பெரிய ஆயிரம் கம்பெனிகள், 2022-23 நிதியாண்டுல இருந்து, பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கைன்னு ஒண்ணு வருஷா வருஷம் தரணும்னு செபி கட்டாயமாக்கி இருக்கு. ஆண்டறிக்கையோட சேர்ந்தே வரும். அதுல ஒன்பதாவது கோட்பாடு முழுக்க வாடிக்கையாளர் பத்தினது. எத்தனை புகார் வந்துச்சு, வருஷ முடிவுல எத்தனை தீராம இருக்கு, நியாயமில்லாத வணிக முறைன்னு எத்தனை புகார்னு எண்ணிக்கையாவே இருக்கும். கம்பெனி தானே எழுதித் தர்றது, அதனால அதையே வேதமா எடுக்க வேண்டாம். ரெண்டு மூணு வருஷத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, புகார் ஏறுதா இறங்குதான்னு தெரியும். நான் 22,000 போடும்போது ஆண்டறிக்கையில முதலாளி போட்டோ வரைக்கும்தான் பார்த்தேன்.

அடுத்து ரிசர்வ் வங்கி. நிரூபணத்துக்கும் வதந்திக்கும் நடுவுல இருக்கிற படி இதுதான். நம்ம சென்னையில தலைமையகம் இருக்கிற ஆசிர்வாத் மைக்ரோ ஃபைனான்ஸை எடுத்துக்கோங்க. (நான் வாங்கினது இது இல்ல, இதோட தாய்க் கம்பெனியும் இல்ல.) 2024 அக்டோபர் 17 அன்னைக்கு ரிசர்வ் வங்கி நாலு கம்பெனிகளைப் புதுக் கடன் கொடுக்கக் கூடாதுன்னு நிறுத்துச்சு. அதுல ஒண்ணு ஆசிர்வாத். சொன்ன காரணங்கள்ல முக்கியமானது, கடனுக்கு வச்ச விலை, அதாவது வட்டியும் அதுல வச்ச லாபமும், அளவுக்கு மீறி இருந்தது. மறுநாளே தாய்க் கம்பெனியான மணப்புரம் ஃபைனான்ஸ் ஷேர் சரிஞ்சது. கம்பெனி திருத்தம் செஞ்ச பிறகு 2025 ஜனவரி 8ல தடை நீங்கினது. இதுல ரெண்டு விஷயம் எனக்குப் பிடிச்சிருக்கு. தப்பைச் சொல்ல ஒரு இடம் இருக்கு. திருந்தினா திரும்பி வரவும் வழி இருக்கு. குற்றச்சாட்டு வந்த எல்லாக் கம்பெனியையும் ஆயுசுக்கும் ஒதுக்கணும்னு இல்ல.

நார்வே நாட்டு ஓய்வூதிய நிதி உலகத்துலயே பெரிய முதலீட்டாளர்கள்ல ஒண்ணு. அதுக்கு 2004ல இருந்து ஒரு நெறிமுறைக் குழு இருக்கு. ஒரு கம்பெனி மேல மோசமான குற்றச்சாட்டு வந்தா அந்தக் குழு விசாரிக்கும். 2025 வரைக்கும் இருந்த நடைமுறைப்படி, வித்துட்டு விலக்கலாம், கண்காணிப்புல வைக்கலாம், இல்லன்னா பங்குதாரரா உள்ள இருந்தே பேசித் திருத்தப் பார்க்கலாம். எடுத்த முடிவைக் காரணத்தோட ஊருக்கே சொல்லிட்டு இருந்தாங்க.

இதைப் படிச்சப்போ எனக்குச் சூரசம்ஹாரம்தான் ஞாபகம் வந்துச்சு. நம்ம அப்பன் சூரனை அழிக்கல. மயிலாவும் சேவலாவும் ஆக்கித் தன்கிட்டயே வச்சுக்கிட்டார். அப்போ நானும் ஷேரை வச்சுக்கிட்டே உள்ள இருந்து திருத்தலாமேன்னு ஒரு நாள் முழுக்க ரொம்பப் பெருமையா யோசிச்சேன். அப்புறம் என் கணக்கைத் திறந்து பார்த்தேன். கையில இருந்தது அறுபது ஷேர். கோடிக்கணக்குல ஷேர் இருக்கிற கம்பெனியில அறுபது ஓட்டை வச்சு நான் யாரைத் திருத்துறது? நார்வேக்கு வேல் இருக்கு. எனக்கு வேல் ஸ்டிக்கர்தான் இருக்கு.

ஆனா ஒண்ணு செய்ய முடிஞ்சது. அது ஷேர்காரனா இல்ல, பக்கத்து வீட்டுக்காரனா. 2022 ஏப்ரல்ல இருந்து சிறுகடனுக்கு ரிசர்வ் வங்கியோட புது விதி நடைமுறையில இருக்கு. வருஷம் 3 லட்சம் வரைக்கும் வருமானம் இருக்கிற குடும்பத்துக்கு அடமானம் இல்லாமக் கொடுக்கிறது எல்லாம் சிறுகடன். எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாசத் தவணை, குடும்ப மாச வருமானத்துல பாதியைத் தாண்டக் கூடாது. காலையில 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்குப் பிறகும் வசூலுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது. வசூல் ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட ஒரு பொது இடத்துலதான் நடக்கணும், தொடர்ந்து ரெண்டு தடவை அங்க வரலன்னாத்தான் வீட்டுக்குப் போகலாம். சொந்தக்காரங்களை, கூட வேலை பார்க்கிறவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது. உங்க வீட்டு அம்மா, அக்கா யாருக்காவது குழு லோன் இருந்தா இந்தப் பத்தியை மட்டுமாவது வாசிச்சுக் காட்டுங்க.

அக்காகிட்ட முதல்ல சொன்னப்போ பயந்தாங்க. "வேண்டாம் தம்பி, அடுத்த லோன் தர மாட்டாவ. பொம்பளப் பிள்ள படிக்குது"ன்னாங்க. அந்தப் பயம் தப்பே இல்ல, அதனால நான் அவசரப்படுத்தல. ரெண்டு வாரம் கழிச்சு அம்மாவும் குழுவுல இன்னும் மூணு பேரும் கையெழுத்துப் போடுறோம்னு சொன்ன பிறகுதான் சம்மதிச்சாங்க. கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்குத் தமிழ்லயே எழுதினோம். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தாங்க, யார் யார் முன்னாடி என்ன பேசினாங்க, அவ்வளவுதான். திட்டு வார்த்தை ஒண்ணு கூட இல்ல. 30 நாள்ல பதில் வரலன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட செலவில்லாமப் போகலாம், 14448ங்கிற எண்ல விவரம் கேட்கலாம்னு தெரிஞ்சு வச்சிருந்தோம். அதுக்கு வேலை வரல. மூணாவது வாரம் கிளையில இருந்து ஒரு பெரியவர் வந்து பேசினார். இப்போ வசூல் காலையில பத்து மணிக்கு, தெரு முனை வேப்பமரத்தடியில. அந்தத் தம்பிதான் வர்றான். அவனை மாத்தச் சொல்லிடாதீங்கன்னு அக்காவே கேட்டுக்கிட்டாங்க.

ஷேரை 2024 ஜனவரியில வித்தேன். வித்ததால கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்ல, அந்த நிமிஷமே வேற யாரோ வாங்கிட்டாங்க. 'நான் விட்டா இன்னொருத்தன் எடுப்பான்'ங்கிற கடைசிச் சாக்கு நூத்துக்கு நூறு உண்மைதான். ஆனா சீனி கலந்த கருப்பட்டியை நான் விக்கலன்னாலும் பக்கத்துக் கடைக்காரன் விக்கத்தான் போறான், அதுக்காக நான் விக்க முடியுமா? வித்தது அவங்களைத் தண்டிக்க இல்ல. அம்மா லோன் அட்டையை எடுக்கும்போதெல்லாம் என்னால நிமிர்ந்து பார்க்க முடியல, அதுக்காக. தவிர, எனக்குன்னு ஒரு கேள்வி வச்சுக்கிட்டேன்: வாடிக்கையாளர் நல்லா இருந்தா இந்தக் கம்பெனிக்கு லாபமா, இல்ல மாட்டிக்கிட்டா லாபமா? பல தொழில்ல இதுக்கு உடனே பதில் கிடைக்கும். சிலதுல கிடைக்காது. இன்டெக்ஸ் ஃபண்ட்ல மாசம் 1,000 ரூபாய் போடுறேன். அதுக்குள்ள ஐம்பது கம்பெனி இருக்கு. ஐம்பதையும் உடைச்சு நாக்குல வச்சுப் பார்த்தேன்னு பொய் சொல்ல மாட்டேன். அந்த விஷயத்துல நான் இன்னும் முடிவுக்கு வரல.

தம்பி, இப்போ உன் உண்டியல் கேள்வி. பொருள் செயல்வகை அதிகாரத்துல 755-வது குறளை எடுத்து, உரையோட படி. அருளும் அன்பும் இல்லாம வந்த பணத்தை என்ன பண்ணணும்னு வள்ளுவர் சொல்றார். அதுல ஒரு பங்கைச் சாமிக்குக் கொடுத்துட்டு மீதியை வச்சுக்கோன்னு அவர் சொல்லல. உண்டியல் துணி துவைக்கிற கல் இல்ல. நேர்த்தி நேர்த்திதான், அதை நான் செலுத்தினேன், ஆனா என் சம்பளத்துல இருந்து எடுத்து.

ஷேர்ல வந்த லாபம் 15,000ஐ என்ன பண்றதுன்னு தெரியாம ரெண்டு மாசம் வங்கியிலயே வச்சிருந்தேன். கடைசியில அம்மாகிட்ட முழுக் கதையும் சொல்லிட்டேன். கோபப்படுவாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்போ நான் போட்ட 200 ரூவாயிலயும் உனக்குப் பங்கு வந்திருக்குமோல?"ன்னு கேட்டாங்க.

"வந்திருக்கும்மா. பைசாக் கணக்குல."

"அவ லோனு இன்னும் எத்தனை வாரம் கெடக்கு?"

பதினெட்டு வாரம் இருந்துச்சு. பங்குனி வரைக்கும் உள்ள டியூவை நான் கட்டினேன். அக்கா சும்மா வாங்க மாட்டேன்னுட்டாங்க, அதனால கடன்னு எழுதிக்கிட்டோம், வட்டி கிடையாது. சித்திரையில பதநீர் இறங்கினதும் கருப்பட்டியாத் திருப்பித் தர்றதாப் பேச்சு. இப்போ எங்க வீட்டுல காபிக்குச் சீனி வாங்குறதே இல்ல.